தண்ணியைக் கட்டம் கட்டமாக வெட்டின பட்டறை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. தூரத்தில் உட்கார்ந்து கேட்டால் நம்பத் தோன்றாத கதை இது. கிட்டத்தில் கேட்டாலும் கொஞ்சம் சிரமம்தான்.

கோயமுத்தூருக்குக் கிழக்கே, பட்டறைகள் வரிசையாக நிற்கிற ஒரு ரோட்டில், மயிலாத்தா பம்ப்ஸ் என்று ஒன்று இருந்தது. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி, தண்ணி இறைக்கிற பம்பு செய்கிற இடம். முதலாளி நாச்சிமுத்து. வேலைக்கு நாலு பேர்.

நாலு பேரில் மூளைக்காரர் யார் என்று கேட்டால், மற்ற மூணு பேரும் யோசிக்காமல் திருமூர்த்தியைக் காட்டுவார்கள். அவரும் யோசிக்காமல் தன்னையே காட்டிக்கொள்வார். ஒரு சாயங்காலம் கரண்ட் போய்ப் பட்டறை இருட்டாகி, திரும்பக் கரண்ட் வந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் எல்லாரும் தவித்தபோது, டார்ச் லைட்டை அடித்து டியூப் லைட் எரிகிறதா என்று பார்த்துச் சொன்னவர் அவர்தான். அன்றிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

குப்பணன் அச்சு அடிக்கிறவன். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பான். பதில் சொன்னால் பயந்துபோவான். சடையப்பன் பாரம் தூக்குகிறவன். தூக்கச் சொன்னதைத் தூக்குவான். இறக்கச் சொல்ல மறந்தால் தூக்கிக்கொண்டே நிற்பான். பொங்கியாத்தா கோர் பிடிக்கிறவள். பம்போட ஓட்டுக்குக் கேசிங் என்று பேர், நத்தைக் கூடு மாதிரிச் சுருண்டிருக்கும். அதற்குள்ளே தண்ணி சுற்றி வர வெற்றிடம் விழ வேண்டுமில்லையா? அந்த வெற்றிடம் எந்த உருவமோ அதே உருவத்தில் மணலைப் பிடித்து, அச்சுக்கு நடுவில் வைத்து, சுற்றிலும் இரும்பை ஊற்றுவார்கள். ஆறினதும் மணலைத் தட்டிக் கொட்டிவிடுவார்கள். அந்த மணல் கட்டிதான் கோர். பொங்கியாத்தா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் நாச்சிமுத்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பென் டிரைவ்.

"மூர்த்தி, காது குடுத்துக் கேளு. குடிநீர்க் கமிட்டித் தலைவர் சென்னியப்பன் வெள்ளிக்கிழமை இங்க வர்றாரு. பம்புக்குள்ள தண்ணி எப்பிடி ஓடுதுன்னு கலர்ல காட்டோணுமாம். எதுத்த பட்டறைக்காரன் காட்டிப்போட்டான். நாம காட்டலீன்னா ஆர்டரு அவனுக்குப் போயிரும். ஆர்டரு போச்சுன்னா உலையை அணைச்சுப்போட வேண்டீதுதான். அப்பறம் நீங்க எங்க போவீங்க, நான் எங்க போவேன்?"

"எங்கீங்க போவீங்க?" என்றான் குப்பணன், நிஜமான அக்கறையோடு.

"கேள்வி கேக்காதடா. மூர்த்தி, இதுல சாப்ட்வேரு இருக்குது. பம்போட உருவத்தை அதுக்குள்ள போட்டு, கட்டம் கட்டமா வெட்டி, தண்ணியை ஓட விட்டா கலர் கலராத் தெரியுமாம். எப்பிடிப் பண்றதுன்னு ஒரு புள்ள தமிழ்லயே பாடம் சொல்லீருக்குது, பென் டிரைவுல இருக்குது. அது சொல்றதை அச்சு அசலாப் பண்ணிப்போடு. நான் அக்கா பேத்தி சீருக்குப் போறேன், வெள்ளிக்கெழமை கமிட்டியோடயே வந்தர்றேன்."

"பண்ணிப்போடலாமுங்க. நான் இருக்கறனுங்க."

"அதுதான் எனக்கும் ரோசனையா இருக்குது. இன்னொண்ணு. கம்ப்யூட்டரு புதுசு. மண்ணுக் கையோட தொட்டுப்போடாதீங்க. தூசி படப்படாது."

சொல்லிவிட்டு அவர் வண்டி ஏறிப் போய்விட்டார். நாலு பேரும் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எட்டுக் கையும் மண்ணுக் கை. கழுவினார்கள். துடைக்க எடுத்த துணியும் மண்ணுத் துணி.

"நம்ம கையி இந்த சென்மத்துல சுத்தமாகாது," என்றார் திருமூர்த்தி. "மொதலாளி பேச்சை மீறப்படாது." கம்ப்யூட்டரைப் பாலிதீன் தாளால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, ஆபீஸ் பரண் மேல் ஏற்றி, பொங்கியாத்தா கையால் ஒரு முழம் சாமந்திப் பூவும் போட்டுப் பத்திரம் பண்ணிவிட்டார்கள்.

அப்புறம் பாடம் கேட்பது எப்படி என்று ஒரு சங்கடம் வந்தது. திருமூர்த்தி பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி வந்தார். அது நுழைகிற மாதிரி ஒரே ஒரு சந்து இருந்தது, பாட்டுக் கேட்கிற பெட்டியில். சொருகினார். கச்சிதமாக நுழைந்தது. கொரகொரவென்று இரைந்துவிட்டு, ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"வணக்கம். தண்ணி ஓட்டத்தைப் பத்தின முதல் பாடத்துக்கு உங்களை வரவேற்கிறேன்."

"வணக்கமுங்க டீச்சரம்மா," என்று நாலு பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். திருமூர்த்தி பெட்டியின் பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.

"இதைப் பாருங்க. ஒண்ணைச் செஞ்சு முடிக்காம அடுத்ததைக் கேக்கப்படாது. அச்சு அடிக்காம இரும்பு ஊத்துனா என்ன ஆகும்? அதேதான் இதுவும். அது ஒண்ணு சொல்லும், நாம ஒண்ணு செய்வோம். அப்பறந்தான் மறுக்கா பொத்தானு."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பட்டறையில் அதுதான் வழக்கம்.

முதல் பாடம். "உங்க உருவத்தை முதல்ல சுத்தம் பண்ணிக்கோங்க. சின்னச் சின்ன போல்ட்டு, நட்டு, மேல பொறிச்ச எழுத்து, இதெல்லாம் தண்ணி ஓட்டத்துக்குத் தேவையில்லை. எடுத்துடுங்க. சுத்தற பாகத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வெச்சிடுங்க."

பட்டறையில் புது மாடல் பம்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கமிட்டிக்குக் காட்டுவதற்கென்று பெயிண்ட் அடித்து வைத்தது. அதை இழுத்துப் போட்டு போல்ட்டையெல்லாம் கழற்றினார்கள். உள்ளே சுற்றுகிற சக்கரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தார்கள். வெளியே 'மயிலாத்தா' என்று எழுத்து புடைத்துக்கொண்டிருந்தது. சடையப்பன் சாணை மிஷினைப் போட்டுக்கொண்டு கிட்டே போனான்.

"ஐயோ, சாமி பேரு!" என்றாள் பொங்கியாத்தா.

"தண்ணி ஓட்டத்துக்குத் தேவையில்லைன்னு டீச்சரம்மா சொல்லுதக்கா."

"மயிலாத்தா இல்லாம தண்ணி எங்கீடா ஓடும்?"

இது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. வெகுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் திருமூர்த்தி ஒரு தட்டு வைக்கச் சொல்லி, எழுத்தைத் தேய்த்து விழுந்த பொடியை அதில் பிடித்து, குங்குமத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். இரண்டு பக்கமும் மனம் கோணாமல் போயிற்று.

இரண்டாவது பாடம். "தண்ணி உள்ளே வர்ற வாய், வெளியே போற வாய், ரெண்டையும் மூடிடுங்க. உருவம் முழுசா அடைச்சிருக்கணும். ஒரு ஊசி ஓட்டை கூட இருக்கக் கூடாது. இருந்தா அடுத்த வேலை நடக்காது."

குப்பணன் முகம் வெளுத்தது. "ஏனுங்ணா, ரெண்டு வாயையும் மூடிப்போட்டா தண்ணி எப்பிடீங்க உள்ள போகும்?"

திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். மூளை வேலை செய்கிறபோது அவர் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம். வெகுநேரம் கழித்துத் திறந்தார்.

"மூடறதுக்கு முந்தியே ஊத்தி வெச்சரோணும்."

மூணு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு மூளை இந்த ரோட்டில் வேறு எந்தப் பட்டறையிலும் இல்லை என்று அப்போது அவர்களுக்கு உறுதியாயிற்று. கேசிங்கைத் தூக்கி நிறுத்தி, வாய் வழியத் தண்ணி ஊற்றி, ஒரு காற்றுக் குமிழி கூட இல்லாமல் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு வாய்க்கும் இரும்புத் தட்டு வைத்து இறுக்கி, சந்துபொந்தெல்லாம் பசை பூசினார்கள். பொங்கியாத்தா சுற்றிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மூச்சு விடலை," என்றாள்.

மூன்றாவது பாடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள்.

"இப்போ இரும்பை மறந்துடுங்க," என்றது குரல். "நமக்கு வேண்டியது இரும்பு இல்லை. அதுக்குள்ளே இருக்கிற தண்ணியோட உருவம் மட்டுந்தான். அதை அப்படியே தனியா வெளியே எடுங்க."

கேசிங்கைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். டீ வந்தது.

"தொறந்து உட்டா வெளிய வந்துருமுங்க," என்றான் குப்பணன்.

"வரும். வாளியில புடிச்சா வாளி உருவத்துல நிக்கும். சட்டியில புடிச்சா சட்டி உருவம். டீச்சரம்மா வாளி உருவத்தையா கேட்டுது?"

"அதுக்குத் தெரியாம வெசையா இழுத்துப்போட்டா?" என்றான் சடையப்பன். "உருவம் மாறறதுக்குள்ள."

"எதைப் புடிச்சு இழுப்ப?"

சடையப்பன் தன் கையைப் பார்த்தான். பிறகு டீயைக் குடித்தான்.

"பம்புக்குள்ள இருக்கற தண்ணிக்கு ஒரு உருவம் இருக்குதுன்னே இன்னைக்குத்தானுங்க கேள்விப்படறேன்," என்று பொங்கியாத்தா பெருமூச்சு விட்டாள். "யாரு கண்ணால கண்டிருக்கறா?"

"யாரும் கண்டதில்லை," என்றார் திருமூர்த்தி.

இவ்வளவும் பேசி முடித்து, குடித்த டீ கிளாஸ்களை, அன்று காலையில் பொங்கியாத்தா பிடித்து வைத்திருந்த கோர் மேல் வரிசையாக வைத்துவிட்டு எழுந்தார்கள்.

எழுந்த வேகத்தில் திருமூர்த்திக்கு வழி தோன்றிவிட்டது. "ஐஸு!" என்றார். "ஐஸாயிருச்சுன்னா அது எங்கீயும் ஓடாது. கையிலயே புடிக்கலாம்."

மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஐஸ் கம்பெனி வைத்திருந்தவர் மீரான் பாய். சடையப்பன் தோளில் கேசிங்கோடு போய் நிற்கவும், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னப்பா, பம்புக்குக் காய்ச்சலா?"

"உள்ள இருக்கற தண்ணி ஐஸாகோணுங்க பாய்," என்றார் திருமூர்த்தி.

"இரும்புக்குள்ள அடைச்ச தண்ணி ஐஸானா ஊதும் தம்பி. வீங்கும். ஓடு தாங்காது."

"எங்க இரும்பு தாங்குமுங்க. சடையப்பனே மேல ஏறி நின்னிருக்கறான்."

மீரான் பாய் பல பேரைப் பார்த்தவர். இடுப்புயர ஐஸ் தொட்டியில் ஓர் இடம் காட்டிவிட்டு, "காலையில வாங்க," என்று மட்டும் சொன்னார். சடையப்பன் கேசிங்கை இறக்கவில்லை. இறக்கச் சொல்லித் திருமூர்த்தி சொன்ன பிறகுதான் இறக்கினான்.

வெள்ளிக்கிழமை காலை டெம்போவில் போய்த் தொட்டியிலிருந்து தூக்கினார்கள். கேசிங் நடுவில் வாய் விட்டிருந்தது. டெம்போவில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து தரையில் வைத்ததும், 'டொக்' என்று ஒரு சத்தம். தேங்காய் உடைந்த மாதிரி இரண்டு பாதியாகப் பிரிந்து விழுந்தது. நடுவில், நத்தை மாதிரிச் சுருண்டு, பளபளவென்று, தண்ணியின் உருவம் உட்கார்ந்திருந்தது.

குப்பணன் தலையில் கையை வைத்துக்கொண்டான். "போச்சுங்ணா! இருந்தது ஒரே பம்பு! மொதலாளி வந்தா நம்மளை உலையில போட்டுருவாரு. கமிட்டி வேற வருது!"

திருமூர்த்திக்கே உள்ளே கொஞ்சம் கலங்கியது. ஆர்டர் போனால் உலை அணையும். உலை அணைந்தால் தன் மூளையை வைத்துக்கொண்டு எங்கே போவது? இந்த மூளைக்கு வேறு யார் சம்பளம் தருவார்கள்? இதுதான் அவருக்கு அந்த வாரம் பூராவும் இருந்த கவலை. போய்ப் பெட்டியைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்.

"இப்போ இரும்பை மறந்துடுங்க," என்றது குரல், அதே அன்போடு.

நாலு பேருக்கும் மூச்சு வந்தது.

"பாத்தீங்களா? அதுக்கு முந்தியே தெரிஞ்சிருக்குது," என்றாள் பொங்கியாத்தா. "என்ன ஒரு முன்ரோசனை அந்தப் புள்ளைக்கு!"

உடனே எல்லாரும் இரும்பை மறக்க ஆரம்பித்தார்கள். திருமூர்த்தி சீக்கிரம் மறந்தார். குப்பணன் மறந்துவிட்டதாகச் சொன்னான். சடையப்பனால் மட்டும் முடியவில்லை. "மறந்துட்டேனான்னு நெனைச்சுப் பாக்கறப்ப அது நாபகம் வந்துருதுங்ணா," என்றான். கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று இரண்டு பாதி மேலும் சாக்கைப் போட்டு மூடினார்கள்.

நாலாவது பாடம். "இப்போ எல்லாத்துக்கும் பேரு வைக்கணும். உள்ளே வர்ற வழிக்கு ஒரு பேரு, வெளியே போற வழிக்கு ஒரு பேரு, சுவருக்கு ஒரு பேரு. பின்னாடி கூப்பிடறப்போ அடையாளம் தெரியற மாதிரி வைங்க."

பேர் வைப்பது என்றால் சும்மாவா? பொங்கியாத்தா சர்க்கரைத் தண்ணி கரைத்தாள். தாய்மாமன் முறைக்கு யார் என்று ஒரு பேச்சு எழுந்து, தூக்கி வந்தவன் சடையப்பன் என்பதால் அவனையே மாமனாக உட்கார வைத்தார்கள். ஐஸ் கரைய ஆரம்பித்திருந்தது. சடையப்பன் மடி நனைந்தது. "புதுசாப் பொறந்தது அப்பிடித்தான் பண்ணும்," என்று பொங்கியாத்தா சமாதானம் சொன்னாள்.

உள்ளே வருகிற வழிக்குக் கொழந்தசாமி என்றும், வெளியே போகிற வழிக்கு ராக்கியாத்தா என்றும் பேர் வைத்தார்கள். அதில் சண்டை இல்லை. சுவருக்கு என்ன பேர் என்பதில்தான் இழுபறி.

"சுவருன்னா என்னுங்க?" என்றான் குப்பணன்.

"தண்ணியைச் சுத்தி நிக்கறது. ஒண்ணையும் வெளிய உடாதது."

"சுத்தி நின்னுக்கிட்டு ஒண்ணையும் வெளிய உடாதவரு நமக்குத் தெரிஞ்சு ஒருத்தருதானுங்க."

சுவருக்கு நாச்சிமுத்து என்று பேர் வைத்தார்கள். மூணு பேரையும் மூணு தரம் காதில் சொல்ல வேண்டும். காது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாததால் திருமூர்த்தி சுற்றி வந்து எல்லா இடத்திலும் சொன்னார்.

ஐந்தாவது பாடம். குரல் இப்போது கொஞ்சம் உற்சாகமாக இருந்தது.

"முக்கியமான வேலைக்கு வந்துட்டோம். இந்த உருவத்தைச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டணும். நடுவிலே பெரிய கட்டம் போதும். சுவர் ஓரத்திலே மட்டும் பொடிப்பொடியா, அடுக்கடுக்கா வெட்டுங்க. எந்தக் கட்டமும் கோணலா இருக்கக் கூடாது. ஒண்ணுமேல ஒண்ணு ஏறக் கூடாது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவிலே இடைவெளி இருக்கவே கூடாது. எண்ணிக்கை லட்சக்கணக்கிலே வரும். பயப்படாதீங்க."

"பயப்படலீங்க," என்றான் குப்பணன் நடுங்கிக்கொண்டே. "ஏனுங்ணா, வெட்டுனா நடுவுல இடைவெளி வருமில்லீங்களா?"

"வரும்."

"வரப்படாதுன்னு சொல்லுதுங்களே."

"வரப்படாது."

"அப்பறம் எப்பிடீங்க?"

திருமூர்த்தி கண்ணை மூடித் திறந்தார். "வெட்டிப்போட்டு மறுக்கா ஒட்டி வெச்சரோணும்."

"ஒட்டி வெச்சா வெட்டாத மாதிரியே ஆயிருமேங்க?"

"ஆகட்டும். வெட்டுனது நமக்குத் தெரியுமல்ல?"

இரும்பு அறுக்கிற ரம்பத்தை எடுத்துக்கொண்டு திருமூர்த்தி நடுவில் அறுத்தார். பொங்கியாத்தா அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு ஓரத்தைப் பொடிப்பொடியாக அரிந்தாள். வெங்காயம் அரிந்த கை, அடுக்கு அடுக்காக வந்தது. சடையப்பன் மூலைமட்டம் வைத்துப் பார்த்துக் கோணல் கட்டங்களைப் பொறுக்கினான். பொறுக்கினதை என்ன செய்வது என்று யாரும் சொல்லாததால் வாயில் போட்டுக்கொண்டான். குப்பணன் எண்ணினான்.

எண்ணிக்கைதான் நிற்கவில்லை. ஒரு கட்டத்தைத் தொட்டு எண்ணும்போது அது கட்டம். அடுத்ததைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் அது தண்ணி.

"அண்ணா, எண்ணிக்கை ஏறுறதுக்குப் பதிலா எறங்குதுங்க!"

"வெசையா எண்ணுடா!"

"வெசையா எண்ணுனா வெசையா எறங்குதுங்ணா!"

அந்த நேரம் பார்த்து வெளியே ஜீப் வந்து நின்றது. கமிட்டி.

திருமூர்த்தி பாய்ந்துபோய்ப் பொத்தானை அமுக்கினார். ஆறாவது பாடம். "இனிமே உங்க வேலை முடிஞ்சது. பட்டனை அமுக்கிட்டு விட்டுடுங்க. நடுவிலே தொடாதீங்க. கொஞ்ச நேரத்திலே ஓட்டம் தெரிய ஆரம்பிக்கும். வேகமா ஓடற இடம் சிவப்பாவும், மெதுவா ஓடற இடம் நீலமாவும் வரும்."

பாட்டுப் பெட்டியை விட்டால், பட்டன் என்று பட்டறையில் இருந்தது ஒன்றே ஒன்று. உலைக்குக் காற்று ஊதுகிற ப்ளோயர் பட்டன். அதை அமுக்கினார். காலையிலேயே கரி போட்டுக் கனன்றுகொண்டிருந்த உலை 'ஹோ' என்று எழும்பியது. அனல் பட்டறை முழுக்க வீசியது. லட்சத்தைத் தொடாத அத்தனை கட்டமும் ஒட்டுமொத்தமாகக் கரைந்து, தரையில் ஓட ஆரம்பித்தது.

"ஓடுது!" என்று கத்தினார் திருமூர்த்தி. "ஓட்டம் தெரியுது! கலரு, கலரு!"

கேசிங்குக்குப் பூசுகிற செங்காவிப் பொடி ஒரு டப்பா இருந்தது. பொங்கியாத்தா வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம் வைத்திருந்தாள். வேகமாக ஓடுகிற இடமாகப் பார்த்துத் திருமூர்த்தி காவியைத் தூவினார். தேங்கி நிற்கிற இடத்தில் பொங்கியாத்தா நீலம் விட்டாள். தண்ணி சில இடத்தில் வேகத்தை மாற்றிக்கொண்டது. அங்கெல்லாம் சடையப்பன் கையால் தடுத்து, பூசின கலருக்குத் தகுந்த மாதிரி ஓடும்படி சரிப்படுத்தினான்.

தலைவர் சென்னியப்பன் உள்ளே காலெடுத்து வைத்தார். பெரிய மீசை, கக்கத்தில் குடை. பின்னால் கமிட்டி மெம்பர்கள். அவர்களுக்கும் பின்னால், சீருக்குப் போன பட்டு வேட்டியோடு நாச்சிமுத்து. தரையைப் பார்த்தார். ஆளுங்களைப் பார்த்தார். பரண் மேல் சாமந்திப் பூவோடு உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். தூணைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்னுங்க?" என்றார் தலைவர்.

"தண்ணி ஓட்டமுங்க," என்றார் திருமூர்த்தி, காவிக் கையைக் கட்டிக்கொண்டு. "செவப்பா இருக்கறது வெசையாப் போறது. நீலமா இருக்கறது மெதுவாப் போறது. உள்ள வந்தது கொழந்தசாமி வழி, வெளிய போறது ராக்கியாத்தா வழி. சுத்தி நின்னது நாச்சிமுத்துங்க, அது இப்ப இல்லீங்க."

தூணைப் பிடித்திருந்த நாச்சிமுத்து தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தலைவர் குனிந்தார். சிவப்பில் ஒரு விரலை வைத்தார். நீலத்தில் ஒரு விரலை வைத்தார். எழுந்து, இரண்டு விரலையும் மெம்பர்களுக்குக் காட்டினார்.

"ஈரம்," என்றார்.

மெம்பர்களும் தொட்டுப் பார்த்தார்கள். ஈரம்தான்.

"எதுத்தாப்பல ஒரு டி.வி. பொட்டியில காட்டுனானுங்க. கலரு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் கையி வெச்சுப் பாத்தன். சொட்டு ஈரம் இல்லை. ஊரு குடிக்கற தண்ணி விசயம், என்னை ஏமாத்த முடியுங்களா? இது தண்ணி!" மீசையைத் தடவிக்கொண்டார், மீசை பாதி சிவப்பு, பாதி நீலம் ஆயிற்று. "செரி, பம்பு எங்க?"

சடையப்பன்தான் வெட்கத்தோடு சொன்னான். "அதை மறந்துட்டமுங்க."

"மறந்துட்டீங்களா?"

"நான் இன்னும் முழுசா மறக்கலீங்க," என்று ஒப்புக்கொண்டு, சாக்கைத் தூக்கினான்.

தலைவர் இரண்டு பாதியையும் பார்த்தார். கையை உள்ளே விட்டுத் தடவினார். தலையை ஆட்டினார்.

"எங்கூட்டுத் தோட்டத்துல பம்பு ஓடாத வருசமில்லை. உள்ளுக்குள்ள எப்பிடி இருக்கும்னு இத்தனை நாள்ல ஒருத்தன் தொறந்து காட்டுனதில்லை. எதுத்த பட்டறைக்காரன் மூடி வெச்சுக்கிட்டே நல்ல பம்பு, நல்ல பம்புங்கறான். இவுங்கதான் ஒளிவுமறைவு இல்லாத ஆளுங்க."

"அது வந்துங்க தலைவரே, அது என்ன ஆச்சுன்னா..." என்று நாச்சிமுத்து வாயெடுத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. ஆர்டரு உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. இதே மாதிரித்தான் வேணும். ஒரு மயிரிழை மாறுனாலும் அத்தனையும் திருப்பித் தாட்டி உட்டுருவேன்."

அந்த ரோட்டில் ஒரு வழக்கம். வாங்குகிறவர் பார்த்து, பிடித்து, சாக்பீஸால் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் சாம்பிள். அதற்கப்புறம் செய்கிற ஒவ்வொன்றையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். தலைவர் சாக்பீஸ் வாங்கி, ஒரு பாதியில் 'சென்னி' என்றும், இன்னொரு பாதியில் 'யப்பன்' என்றும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப் ஏறினார்.

நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எப்படி நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டால் கெட்டுவிடுமோ என்று பயம். ஆர்டர் கிடைத்தால் பழனியில் மொட்டை என்று நேர்ந்திருந்தார். பஸ் ஏறுவதற்கு முன்னால் திருமூர்த்தி தோளில் கையைப் போட்டார்.

"மூர்த்தி, உன்னைய என்னமோ நெனைச்சேன். நீ மூளைக்காரன்தான். தலைவரு சொன்னதைக் கேட்டீல்ல? சாம்பிளு மாதிரியே பண்ணி அனுப்பிப்போடு."

"மயிரிழை மாறாதுங்க," என்றார் திருமூர்த்தி.

உலை மறுபடி எரிந்தது. குப்பணன் அச்சு அடித்தான், பொங்கியாத்தா கோர் பிடித்தாள், சடையப்பன் தூக்கினான், இறக்கச் சொன்னபோது இறக்கினான். வேலையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேசிங்குகள் ஒவ்வொன்றும் முழுசாக, வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் வந்து வரிசையாக நின்றன. திருமூர்த்தி சாம்பிளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். போகப் போக அவர் முகம் வாடியது.

"ஒண்ணு கோட சரியா வரலை," என்றார்.

"நல்லாத்தானுங்க இருக்குது?" என்றான் குப்பணன்.

"நல்லா இருந்து என்ன பண்றது? கையெழுத்து எதுல இருக்குது? இதுலயா, அதுலயா?"

குப்பணன் சாம்பிளைப் பார்த்தான். பயந்துபோனான்.

மீரான் பாய் தொட்டியில் அத்தனையும் கொள்ளாது என்று சொல்லிவிட்டார். அதனால் திருமூர்த்தியே உட்கார்ந்தார். சாம்பிளில் விரிசல் போன போக்கை நூல் பிடித்து அளந்து, ஒவ்வொரு கேசிங்கிலும் சாக்பீஸால் அதே போக்கில் கோடு போட்டு, உளியை வைத்துச் சுத்தியால் ஒரு போடு. இரண்டு பாதி. அடுத்தது. இரண்டு பாதி. கையில் அப்படி ஒரு நிதானம். ஒன்று மட்டும் கோட்டை விட்டு ஒதுங்கி மூணு துண்டாகப் போயிற்று. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "இது ஆகாது, ரிஜெக்ட்டு," என்று ஓரமாகப் போட்டுவிட்டார்.

லாரி வந்தது. பாரம் ஏற்றுகிற வேலையை அவர் யாரிடமும் விடவில்லை. தானே மேலே ஏறி நின்று, ஒவ்வொரு பாதிக்கும் நடுவில் வைக்கோலைப் பதமாக வைத்து அடுக்கினார். கயிறு கட்டி முடித்ததும் இறங்கி, முன்னால் போய், டிரைவரிடம் இரண்டு கையையும் கூப்பினார்.

"மேடு பள்ளம் பாத்து மெதுவாப் போங்க சாமி. வழியில எதுவும் ஒடைஞ்சரப்படாது."